மழைக்கு முன் ஷட்டரையும் ஒருமுறை பாருங்கள்

ஐயா,

வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் 22 ஆண்டுகளாக ரோலிங் ஷட்டர் வேலை பார்க்கிறேன். புரட்டாசியில் எங்களை யாரும் கூப்பிடுவதில்லை. ஐப்பசி அடைமழையில், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுகிறார்கள்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அன்று ராத்திரி மடிப்பாக்கத்தில் ஒரு பெரியவர் வீட்டில் ஷட்டர் ஒரு சாணுக்கு மேல் எழும்பவில்லை. கார் உள்ளே மாட்டிக்கொண்டது. போய்ப் பார்த்தால், ஷட்டர் ஏறி இறங்கும் பக்கவாட்டு சேனலில் முந்தைய டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துச் சேறு அப்படியே இறுகிக் கிடக்கிறது. பத்து மாதமாக அதோடுதான் மல்லுக்கட்டித் தூக்கியிருக்கிறார். ஹாக்ஸா பிளேடை விட்டுச் சுரண்டினேன். செங்கல்பொடி மாதிரி உதிர்ந்தது. அடிப்பட்டை துருவேறி, தொட்டால் அப்பளமாக நொறுங்கியது. வண்டி வெளியே வரும்போது மணி பன்னிரண்டு. அந்த வீட்டு அம்மா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நனைந்தபடியே நின்றார்.

வெயில் அடிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். சேனலைச் சுரண்டி, காய்ந்த துணியால் துடைத்துவிட்டு, மெல்லிய எண்ணெயோ சிலிகான் ஸ்பிரேயோ விடுங்கள். கிரீஸ் வேண்டாம், மண்ணைப் பிடித்துப் பசையாகிவிடும். அடிப்பட்டைத் துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ரெட் ஆக்சைடு அடியுங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் போலக் கடலோரத்தில் இருப்பவர்கள் உப்புக்காற்றுக்காக இதை வருஷத்துக்கு இரண்டு முறை செய்வது நல்லது. அப்புறம், கையால் தூக்கும் ஷட்டரை இடுப்பு உயரத்தில் மெல்ல விட்டுப் பாருங்கள். கீழே சரிந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஸ்பிரிங்கில் மட்டும் தயவுசெய்து நீங்களாகக் கை வைக்காதீர்கள். முறுக்கேறிய ஸ்பிரிங் விடுபட்டு என்னோடு வேலை பார்த்த தம்பிக்கு மணிக்கட்டு உடைந்தது. இன்றும் அவனால் ஸ்பேனரை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை.

மோட்டார் ஷட்டர் வைத்திருப்பவர்கள் மெயினை அணைத்துவிட்டு, கைச்சங்கிலியால் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். தண்ணீர் நின்றால் கரண்டை நிறுத்திவிடுவார்கள். சங்கிலி எங்கே இருக்கிறது என்று அந்த இருட்டில் தேடக் கூடாது. முழங்கால் உயரத்தில் சுவிட்ச் இருந்தால் எலக்ட்ரீஷியனை வைத்து நெஞ்சு உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, பல தெருக்களில் ரோடு கார் ஷெட்டைவிட ஒரு படி உயரமாகிவிட்டது. அந்த வாசலில் நான் எவ்வளவு நல்ல ஷட்டர் மாட்டினாலும் தண்ணீர் அடியில் நுழைந்துவிடும். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று குடியிருப்போர் சேர்ந்து கேட்க வேண்டும்.

தயவுசெய்து இதை மழைக்கு முன்பே வெளியிடுங்கள். இப்போது கூப்பிட்டால் நிதானமாகப் பார்த்துக் கொடுப்போம். மழை பிடித்த பிறகு, ஈரத்தில் நின்று எங்களால் வெல்டிங் வைக்க முடியாது.

ஒரு ஷட்டர் மெக்கானிக்,
மடிப்பாக்கம், சென்னை