ஹாமில்டன் கவுண்டிக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

இந்தியன் லேக் ஊரில் வேலை கிடைத்துவிட்டது, செப்டம்பரில் சேர்கிறேன் என்று நீ சொன்னதிலிருந்து அப்பா தினமும் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு "இங்கே ஒன்றுமே இல்லையே" என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாம் ஸ்கெனெக்டடிக்குக் குடிவந்த நாளிலிருந்து கோடையானால் அந்தப் பக்கம்தான் போகிறோம், நீயும் சின்ன வயதிலிருந்து வந்திருக்கிறாய், ஆனால் ஏரியில் குளித்துவிட்டுத் திரும்புவது வேறு, நர்ஸாக அங்கேயே குடியிருப்பது வேறு. அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதிவிடுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய்.

இந்தியன் லேக் இருக்கும் ஹாமில்டன் கவுண்டியின் (கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி) பரப்பு ஏறக்குறைய 1,800 சதுர மைல், நம்ம கோயம்புத்தூர் மாவட்டம் அளவுக்கு இருக்கும். கோவையில் 2011 கணக்கெடுப்பில் 34 லட்சம் பேருக்கு மேல். இங்கே 2020-இல் 5,107 பேர். நியூயார்க் மாநிலத்திலேயே ஆட்கள் மிகக் குறைவான கவுண்டி இதுதான். நிரந்தரமான டிராஃபிக் சிக்னல் ஒன்றுகூடக் கிடையாது, ஆஸ்பத்திரியும் கிடையாது. டவுன் என்று 9 இருக்கின்றன, ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் கடைவீதியை நினைத்துக்கொள்ளாதே, முக்கால்வாசி காடும் ஏரியும்தான்; மோர்ஹவுஸ் என்கிற டவுனில் 2010-இல் இருந்தது மொத்தமே 86 பேர்.

இதில் எனக்கு ஆச்சரியமாக இருப்பது என்னவென்றால், 1900-லும் அங்கே ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஆட்கள் இருந்தார்கள். நியூயார்க் நகரம் எவ்வளவோ வளர்ந்துவிட்டது, அதே மாநிலத்தில் அங்கிருந்து சில மணி நேரக் கார் தூரத்தில் இருக்கும் ஓர் இடம் 120 வருஷமாக அப்படியே நிற்கிறது. குளிரும் மலையும் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் காடு சட்டத்தால் நிற்கிற காடு, இதை நீ தெரிந்துகொண்டு போக வேண்டும், ஏனென்றால் உன்னிடம் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் பேச்சில் அது எப்படியும் வரும்.

ஆதியில் அது மோஹாக் மக்களும் அபனாகி மக்களும் வேட்டைக்குப் போன நிலம். 1771-இல் டாட்டன், கிராஸ்ஃபீல்ட் என்று இரண்டு கப்பல் கட்டுகிறவர்களின் பெயரில் மோஹாக் மக்களிடமிருந்து பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் வாங்கினார்கள், உண்மையில் பின்னணியில் இருந்து வாங்கியது ஜெஸப் சகோதரர்கள் என்ற நில வியாபாரிகள். நீ போகிற இந்தியன் லேக்கில் முதலில் வந்து குடியேறியவர் சபேல் பெனடிக்ட் என்ற அபனாகிக்காரர், ஏரிக்கரையில் அவர் பெயரிலேயே சபேல் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. 1816-இல் மான்ட்கமரி கவுண்டியிலிருந்து பிரித்துத் தனிக் கவுண்டியாக அறிவித்தார்கள், ஆனால் நிர்வாகம் நடத்தப் போதுமான ஆட்கள் இல்லாததால் 1847 வரை பெயருக்குத்தான் கவுண்டி.

பிறகு மரம் வெட்டுகிறவர்கள் வந்தார்கள். பைனையும் ஸ்ப்ரூஸையும் வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டுக் கீழே கொண்டுபோனார்கள், ஹெம்லாக் மரத்தைப் பட்டைக்காக உரித்தார்கள், அந்தப் பட்டை தோல் பதனிடுவதற்கு வேண்டும். பட்டையை எடுத்துக்கொண்டு மரத்தைப் பெரும்பாலும் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். நினைத்தாலே வயிறு எரிகிறது. 1872-இலிருந்து அடிரோண்டாக் என்கிற அந்த மலைகளை அளந்த வெர்ப்ளாங்க் கால்வின், காடு போனால் தண்ணீரும் போகும் என்று திரும்பத் திரும்ப எழுதினார். மாநிலத் தலைநகரமான அல்பானியிலும் நியூயார்க் நகரத்திலும் இருந்த வியாபாரிகளுக்குக் காட்டின் மேல் பெரிய பாசம் ஒன்றும் இல்லை, ஆனால் ஹட்சன் ஆறும் ஈரி கால்வாயும் வற்றினால் சரக்கு நகராது என்ற பயம் இருந்தது. அந்தப் பயம் நல்ல வேலை செய்தது: 1885-இல் அரசுக் காடுகளைத் தனியாகப் பாதுகாத்தார்கள், 1892-இல் அடிரோண்டாக் பார்க், 1894-இல் மாநில அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டார்கள், இந்த நிலம் என்றைக்கும் காடாகவே இருக்கும், விற்கக் கூடாது, குத்தகைக்கு விடக் கூடாது, மரத்தை வெட்டக் கூடாது என்று. ஹாமில்டன் கவுண்டி முழுவதும் அந்தப் பார்க்குக்குள் இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் அரசுக் காடு.

அதனால் என்ன ஆகிறது என்று கேள். ரேக்கெட் லேக் என்கிற குட்டி ஊருக்குக் குடிநீர்க் கிணறு தோண்ட ஒரே ஒரு ஏக்கர் அரசுக் காடு தேவைப்பட்டது. அரசியலமைப்பைத் திருத்தாமல் அந்த ஒரு ஏக்கரைத் தொட முடியாது. சட்டமன்றம் ஒரு தடவை நிறைவேற்ற வேண்டும், நடுவில் ஒரு தேர்தல் முடிந்து புதிய சட்டமன்றம் மறுபடி நிறைவேற்ற வேண்டும், அதற்கு அப்புறம் மாநிலம் முழுவதும் ஓட்டுப் போட வேண்டும். 2007-இல் புரூக்ளினில் இருக்கிறவர்களும் பஃபலோவில் இருக்கிறவர்களும் சேர்ந்து அந்த ஊருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், பதிலுக்கு 12 ஏக்கர் காட்டோடு சேர்ந்தது. 1991-இல் பிசீக்கோ விமானத் தளத்துக்காகவும் இப்படித்தான். அதே ரேக்கெட் லேக் கரையில் நூறு வருஷத்துக்கு மேல் இந்த நிலம் உங்களுடையதா அரசுடையதா என்ற வழக்கு ஓடி, அதுவும் 2013-இல் மாநில ஓட்டில்தான் தீர்ந்தது. வீட்டுப் பத்திரத்தின் மேல் சந்தேகத்தோடு தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்திருக்கிறார்கள், பாவம். சட்டம் சரி என்றுதான் நான் நினைக்கிறேன், அது இல்லாவிட்டால் அந்த ஏரிக்கரைகள் இன்றைக்கு என்ன ஆகியிருக்கும் என்று நமக்கே தெரியும். ஆனால் அந்தச் சட்டத்தைத் தினமும் சுமப்பது அந்த ஐந்தாயிரம் பேர். தன் காட்டுக்கு அரசே உள்ளூருக்குச் சொத்துவரி கட்டுகிறது, 1886-இலிருந்து அப்படி ஒரு ஏற்பாடு, அது பெரிய ஆதரவு. வேலைதான் இல்லை, படித்து முடித்த பிள்ளைகள் வெளியே போய்விடுகிறார்கள். யாராவது உன்னிடம் "அல்பானிக்காரர்கள் முடிவு செய்கிறார்கள், நாங்கள் வாழ்கிறோம்" என்று கோபமாகப் பேசினால் வாதம் பண்ணாதே, கேட்டுக்கொள்.

அங்கே ஆட்களைவிட வீடுகள் அதிகம், பெரும்பாலும் கோடை வீடுகள். இது புதிது இல்லை, ரயில் பாதை போட்டுப் பணக்காரரான டூரண்ட் குடும்பம் 1870-களிலேயே ரேக்கெட் லேக்கில் பெரிய மர மாளிகைகள் கட்ட ஆரம்பித்தது. 1882-இல் புளூ மவுண்டன் லேக்கில் திறந்த பிராஸ்பெக்ட் ஹவுஸ் ஓட்டலில் ஒவ்வோர் அறையிலும் மின்விளக்கு இருந்ததாம், அந்தக் காலத்தில், அந்தக் காட்டுக்குள்! இன்றைக்கும் ஜூலையில் கூட்டம், நவம்பரில் பாதி ஜன்னல்கள் மூடியிருக்கும். வருஷம் முழுக்க இருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஐம்பதைத் தாண்டியவர்கள், அதனால் உன் வேலை பெரும்பாலும் தனியாக இருக்கும் வயதானவர்களோடுதான். நெஞ்சுவலி என்றால் கிளென்ஸ் ஃபால்ஸ் ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பனியில் இன்னும் அதிகம். ஆம்புலன்ஸில் ஓடி வருகிறவர்களில் தன்னார்வலர்கள் நிறைய, அவர்களை முதலிலேயே பழக்கப்படுத்திக்கொள், மற்ற எதையும்விட இது முக்கியம்.

பனி டயரை நவம்பருக்கு முன்னாலேயே மாற்றிவிடு. காரில் எப்போதும் கம்பளியும் சாப்பிட ஏதாவதும் இருக்கட்டும். ரூட் 30-இல் வெல்ஸ் தாண்டினால் பல இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது, அதனால் நார்த்வில்லில் நின்று ஒரு போன் பண்ணிவிட்டுப் போ. மே மாதத்தில் கருப்பு ஈ கடிக்க ஆரம்பிக்கும், முழுக்கைச் சட்டை எடுத்துக்கொள். நம்மைப் போன்ற முகங்கள் அங்கே மிகக் குறைவு, கொஞ்ச நாள் எல்லோரும் பார்ப்பார்கள், நர்ஸ் என்று தெரிந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

ரேக்கெட் லேக்கிலிருந்து யாராவது உங்கள் கிளினிக்குக்கு வந்தால், அந்தக் கிணற்று ஓட்டுக்கு முன்னால் தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்று விசாரித்து எனக்கு எழுது. ரொம்ப நாளாகத் தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்,
அம்மா