குமரியின் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற அரசுக் கட்டடங்கள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நமது மாவட்டத்தில் பழைய ஓட்டுக் கட்டடங்கள் இருந்த இடங்களில் அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் புதிதாக எழும்பி வருகின்றன. கட்டுவது வரவேற்கத்தக்கதே, ஆனால் அவற்றை வரைகிறவர்கள் இம்மாவட்டத்தின் வெயிலையும் மழையையும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அண்மையில் சான்றிதழ் ஒன்றுக்காகச் சென்றிருந்த அலுவலகத்தின் முகப்பு முழுவதும் மேற்குப் பார்த்த கண்ணாடியாக இருந்தது. பிற்பகல் வெயில் தாங்காமல் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, பட்டப்பகலில் எல்லா விளக்குகளையும் எரியவிட்டு ஊழியர்கள் வேலை பார்க்கிறார்கள். சன்னல்களோ பக்கவாட்டில் நகரும் அலுமினியச் சன்னல்கள், பாதிதான் திறக்கும். மேலே உள்ள சன்ஷேடு சாண் அகலமே இருப்பதால், சாரல் அடித்தால் அந்தப் பாதியையும் அடைத்துவிட வேண்டியதுதான்.

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும் மாவட்டம் இது. காற்றில் ஈரம் மிகுந்த ஊரில் வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். அதற்குக் காற்று ஒரு சுவரில் நுழைந்து எதிர்ச்சுவர் வழியே வெளியேற வேண்டும். மேலும், நாம் சுமார் 8 பாகை வட அகலாங்கில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதிவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. தில்லியில் ஒருநாளும் அப்படி நேர்வதில்லை. ஆகவே இங்கே வடபுறச் சன்னலுக்கும் நிழல் வேண்டும்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குள் கோடையில் சென்றவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். சுவரைத் தாண்டித் தாழ இறங்கும் ஓட்டுக்கூரை வெயிலையும் சாரலையும் வெளியிலேயே நிறுத்துகிறது. மரச்சட்டங்கள் அடுக்கிய சன்னல்கள் கண் கூசும் ஒளியைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடுகின்றன. சூடேறிய காற்று மேலெழுந்து வெளியேற முற்றங்கள் இருக்கின்றன. அரண்மனையைப் போலச் செலவிட வேண்டியதில்லை. திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தைக் கட்டிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், துளைகள் விட்டு அடுக்கிய செங்கல் சுவர்களாலேயே வெளிச்சத்தையும் காற்றையும் உள்ளே கொண்டுவந்தார். அவர் பரப்பிய, சுவரின் உள்ளே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையில் ஏறத்தாழ கால் பங்குச் செங்கல் மிச்சமாவதுடன், வெப்பம் உள்ளே இறங்குவதும் குறைகிறது.

மத்திய அரசு 2007இல் வெளியிட்ட எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதிகள், அதிக அளவு மின் இணைப்புள்ள பெரிய கட்டடங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. ஊராட்சி அலுவலகமும் கிராமத்துப் பள்ளியும் அந்த வரம்புக்குள் வருவதில்லை என்பதால், வரைபடத்திலேயே நாம் கவனம் செலுத்தியாக வேண்டும். கூரையில் சூரியத் தகடுகளைப் பதிப்பது நல்லதுதான். ஆனால் தவறான திசையில் வைத்த கண்ணாடியால் வீணாகும் மின்சாரத்தை ஈடுகட்டவே அவை செலவாகிவிடக் கூடாது.

எனவே பொதுப்பணித் துறையும் உள்ளாட்சி அமைப்புகளும் ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே, கட்டடம் எத்திசை நோக்கியது, காற்று எவ்வழி ஓடும், சன்னலுக்கு நிழல் எவ்வளவு என்பவற்றை வரைபடத்தில் காட்டி, அந்தந்த ஊர் மக்களின் பார்வைக்கு வைக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். பள்ளிகளிலிருந்து தொடங்குவது பொருத்தம். மின்சாரம் தடைபட்டால், சூடேறிய கான்கிரீட் தளத்துக்குக் கீழே மின்விசிறியும் இன்றிப் பாடம் கேட்பவர்கள் குழந்தைகள்தாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தக்கலை.