மொத்தமா பேர் மாத்தலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். உங்க கம்ப்யூட்டர் பக்கத்துல இதையும் போடுங்க சார். அப்பாவோட பழைய போட்டோ 340 ஸ்கேன் பண்ணேன், எல்லாம் ஸ்கேன்0001, ஸ்கேன்0002னு கெடந்துச்சு, ஒவ்வொண்ணா ரைட் கிளிக் பண்ணி பேர் மாத்தியே ரெண்டு நாள் போச்சு, மணிக்கட்டு வலி வேற. விண்டோஸ்ல மொத்தமா செலக்ட் பண்ணி கீபோர்டு மேல்வரிசைல இருக்கற எஃப்2 கீயைத் தட்டி "அப்பா கல்யாணம்"னு அடிச்சு என்டர் குடுத்தா போதும், (1), (2)னு நம்பர் அதுவா விழுந்துடுது, தப்பாயிட்டா உடனே கண்ட்ரோல் கீயோட இசட் சேர்த்து தட்டினா பழைய பேரே திரும்பிடும். பேர்ல தேதி போடறவங்க தயவுசெஞ்சு வருஷத்தை முதல்ல போடுங்க, 1978-05-21னு இருந்தாத்தான் வரிசையா நிக்கும், 21-05-1978னு போட்டா எல்லா வருஷத்து 21ம் தேதியும் ஒரே எடத்துல குவிஞ்சுடும்.

– ஒரு வாசகர், கும்பகோணம்