கணக்குக் கொப்பிக்கு வெளியேயும் கணிதம் உண்டு

திருகோணமலை

தரம் 3, 4, 5 பிள்ளைகளின் அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். நமது பாடசாலை நூலகத்தில் கணிதத்துக்கென்று ஒரு வாசிப்பு மூலை தொடங்கியிருக்கிறோம். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகள் அங்கிருந்து ஒரு புத்தகம் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். அவை பயிற்சிப் புத்தகங்கள் அல்ல. புதிர், கதை, கடதாசி வெட்டி ஒட்டும் வேலை, கோலம் என்று இருக்கும்.

"புலமைப்பரிசில் பரீட்சைக்கு இது உதவுமா, சேர்?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்காக இதைத் தொடங்கவில்லை. கணிதம் என்றால் வாய்ப்பாடும் வேகமும் மட்டும்தான் என்று பத்து வயதுக்குள் பிள்ளைகள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அதுதான் என் கவலை.

ஒன்றை இன்றிரவே செய்து பாருங்கள். 3524 என்ற எண்ணை எடுங்கள். இலக்கங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கினால் 5432, திருப்பி அடுக்கினால் 2345. கழித்தால் 3087. பூச்சியத்தையும் விடாமல் இதேபோல் 8730இலிருந்து 0378ஐக் கழித்தால் 8352. இன்னொரு தடவை செய்தால் 6174. அதற்கப்புறம் எத்தனை தடவை செய்தாலும் 6174தான்! நான்கும் ஒரே இலக்கமாக இல்லாத எந்த நான்கிலக்க எண்ணும் ஏழு படிகளுக்குள் இங்கே வந்து நிற்கும். இதைக் கண்டுபிடித்த கப்ரேக்கர், இந்தியாவில் தேவ்லாலி என்ற ஊரில் பாடசாலை ஆசிரியராக இருந்தவர். கழித்தல் பயிற்சி என்றால் முகம் சுழிக்கும் பிள்ளைகூட, இதற்காக ஒரு பக்கம் முழுக்கக் கழிக்கும்.

எண்ணே இல்லாத கணிதமும் இருக்கிறது. ஒரு சதுரமும் அதன் இரு மூலைவிட்டங்களும் வரையுங்கள். கையெடுக்காமல், போட்ட கோட்டில் மறுபடி போகாமல் வரைய முடியாது. அதே சதுரத்தின் மேல் ஒரு கூரை வையுங்கள், முடியும். கீழ் மூலையில் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். ஒற்றை எண்ணிக்கையில் கோடுகள் சேரும் புள்ளிகள் இரண்டுக்கு மேல் இருந்தால் சரிவராது. கொனிக்ஸ்பேர்க் நகரத்தின் ஏழு பாலங்களையும் ஒவ்வொரு தடவை மட்டும் கடந்து நடக்க முடியுமா என்ற கேள்வியிலிருந்து 1736இல் கணித அறிஞர் ஒய்லர் கண்ட விடயம் இது. மார்கழியில் வாசலில் கோலம் போடும் அம்மாமாருக்கு இதை விளக்கவே தேவையில்லை. பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, எந்தக் கோலம் ஒரே இழையில் வரும், எது வராது என்று கேளுங்கள். விடையை உடனே சொல்லிவிடாதீர்கள்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். "எனக்கும் கணக்கு வராது, அதுதான் இவனுக்கும்" என்று பிள்ளையின் காதுபடச் சொல்லாதீர்கள். விளையாட்டாகச் சொன்னாலும் பிள்ளை அதை நம்பிவிடும். மற்றது, வெள்ளி பிற்பகலில் ஒரு மணித்தியாலம் தரக்கூடியவர்கள் வாருங்கள். அத்திவாரம் வெட்டும்போது மூன்றடியும் நான்கடியும் அளந்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று மூலை பார்க்கும் மேசன்மார், வலை பின்னுகிறவர்கள், சட்டை வெட்டித் தைக்கிறவர்கள், எல்லோரும் வரலாம். கையால் செய்வதைக் காட்டினால் போதும், பாடம் நடத்த வேண்டியதில்லை.

வர விரும்புகிறவர்கள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள். புத்தகங்கள் மறுவாரம் புதன்கிழமைக்குள் திரும்பி வந்தால் அடுத்த பிள்ளைக்குக் கிடைக்கும். பக்கம் கசங்கியிருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அதிபர்