மூன்றாவது பேட்டரி வாங்குவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

நலம்தானே கண்ணு? மாப்பிள்ளையும் பேரனும் சௌக்கியமா? இங்கே சங்ககிரியில் நானும் அம்மாவும் நலம். உன் லோடு வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாமல் தவிக்கிறது, என்ன செய்வது என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். வண்டிப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன்.

பேட்டரி கடையில் மூன்றாவது பேட்டரி போடச் சொன்னார்கள் என்றாய். வாங்காதே. அடுத்தடுத்து இரண்டு புது பேட்டரி போகிறது என்றால் கோளாறு பேட்டரியில் இல்லை, அதற்குச் சார்ஜ் வந்து சேருகிற வழியில் இருக்கிறது. பாதிச் சார்ஜில் நாள்கணக்காகக் கிடக்கிற பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் எத்தனை மணி நேரம் சார்ஜ் ஏற்றினாலும் பழைய தெம்பு வராது. கோத்தகிரி 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். அந்தக் குளிரில் இன்ஜின் ஆயில் கெட்டியாகி, இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் செய்கிற செல்ஃப் மோட்டாருக்கு அதிகக் கரண்ட் கேட்கும், பேட்டரியோ குளிரில் குறைவாகத்தான் கொடுக்கும். அதனால்தான் மேட்டுப்பாளையம் மண்டியில் மதியம் ஒரே தட்டில் எடுக்கிற வண்டி, காலையில் தோட்டத்தில் முக்குகிறது.

முதலில் ஒரு மல்டிமீட்டர் வாங்கு. சாதாரண டிஜிட்டல் மீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவி போடுவதற்கு முன், டிசி 20 வோல்ட்டில் வைத்து பேட்டரி முனைகளில் பார். 12.6 இருந்தால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போயிருந்தால் அந்த பேட்டரியை டைனமோவை, அதாவது இன்ஜின் ஓட்டத்தில் சுற்றி பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கிற கருவியை, நம்பி ஏற்றாதே. கடையில் கொடுத்து இரவு முழுக்க மெதுவாகச் சார்ஜ் போட்டு வாங்கு. செத்த பேட்டரியை நிரப்ப டைனமோ முழு பாரத்தில் ஓடி, சூடேறித் தானும் போய்விடும்.

பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்து கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்துப் பார். 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்ட பிறகும் 13.2க்குக் கீழே இறங்கக் கூடாது. ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க 15ஐத் தாண்டி ஏறினால், வோல்ட்டை அளவோடு நிறுத்துகிற கட்டவுட் போய்விட்டது, பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும், பல்பும் அடிக்கடி ஃபியூஸ் ஆகும். உனக்கு அது இருக்காது. நீ சொல்வதைப் பார்த்தால் குறைவாகத்தான் காட்டும்.

குறைவாகக் காட்டினால் உடனே டைனமோவைக் கழற்ற விடாதே. இருபது வருஷ வண்டியில் பாதிக் கேஸ் வயரிலும், கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்புகிற எர்த்திலும்தான் இருக்கிறது. இன்ஜின் ஓடிக்கொண்டு, லைட் எல்லாம் எரிகிறபோது மீட்டரின் ஒரு முனையை டைனமோவின் பின்னால் இருக்கிற தடித்த வயர் போல்ட்டிலும் மறு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் வை. பெல்ட்டும் ஃபேனும் சுற்றும் பக்கம், துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு செய். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சார்ஜ் வழியிலேயே தொலைகிறது. அதே மாதிரி டைனமோ உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் வைத்துப் பார். அங்கே 0.2க்கு மேல் வரக் கூடாது. வந்தால் இன்ஜினிலிருந்து வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்குப் போகிற எர்த் பட்டையைக் கழற்றி, துருவைச் சுரண்டி, வெள்ளி மாதிரி பளபளக்கும் வரை தேய்த்து மாட்டச் சொல். மலையில் ஈரம் அதிகம், வெளியே நன்றாகத் தெரிகிற பட்டை அடியில் பச்சையாகப் பூத்திருக்கும்.

சார்ஜ் லைட் மங்கலாக எரிகிறது என்றாயே, அதுதான் எனக்கு முக்கியமான தடயம். சாவி போட்டதும் அது பளிச்சென எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் முழுசாக அணைய வேண்டும். சாவி போட்டு எரியவே இல்லை என்றால் பல்பையோ அதன் வயரையோ பார்க்க வேண்டும். அந்த பல்பு வழியாகத்தான் டைனமோவுக்கு முதல் உசுப்பல் கரண்ட் போகிறது. ஓடும்போது மங்கலாக எரிவது வேறு. பல்பின் இரண்டு பக்கமும் வோல்ட் சமமாக இல்லை என்று அர்த்தம். டைனமோவுக்குள் ஏசியை டிசியாக்குகிற டயோட் பிளேட்டில் ஒரு டயோட் போயிருக்கலாம், உள்ளே சுற்றுகிற பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். இன்ஜின் ஓடும்போதே மீட்டரை ஏசி-க்கு மாற்றி பேட்டரி முனைகளில் வைத்துப் பார். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோட்தான். போன டயோட் இரவில் பேட்டரியிலிருந்து கரண்ட்டை டைனமோ வழியாகத் திருப்பி உறிஞ்சும். நீ ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் தவிக்கிறதற்கு என் கணக்கில் இதுதான் காரணம். உறுதி செய்ய, நிறுத்திய வண்டியில் மைனஸ் கேபிளைக் கழற்றி, மீட்டரை ஆம்பியர் 10 ஏ-க்கு மாற்றி, அந்தக் கேபிளுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையில் மாட்டு. 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதிகமாகக் காட்டினால் டைனமோவின் தடித்த வயரைக் கழற்றி, பேட்டரியில் இருந்து நேராக வரும் வயர் அது, எங்கும் உரசாமல் டேப் சுற்றிவிட்டு மறுபடி பார். அளவு இறங்கினால் திருடன் டைனமோவுக்குள் இருக்கிறான். மீட்டர் இடையில் இருக்கும்போது செல்ஃப் மட்டும் அடிக்காதே, மீட்டர் எரிந்துவிடும்.

இப்போது நான் ரொம்பக் கவலைப்படுகிற விஷயம். உன் வண்டியில் டைனமோவின் பின்பக்கம் உருண்டையாக ஒன்று ஒட்டியிருக்கும், இரண்டு ஆயில் பைப்பும் ஒரு தடித்த ஹோஸும் வரும். அது காற்றை உறிஞ்சி எடுக்கிற வேக்குவம் பம்ப். பிரேக்கை லேசாக அழுத்தினாலே பிடிக்க வைக்கிற பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கொடுப்பது அதுதான், நம்ம ஊர் டீசல் வண்டிகள் பலவற்றில் இப்படித்தான் இருக்கும். இதை எந்தக் காரணத்துக்கும் மறக்காதே. பெல்ட் அறுந்தால் சார்ஜ் மட்டும் போகாது, பூஸ்டரும் போகும். மிச்சமிருக்கிற வேக்குவத்தில் ஓரிரு அழுத்தல்தான் கிடைக்கும், பிறகு பெடல் கல்லாக இறுகும். லோடு ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் இறங்கும்போது சார்ஜ் லைட் பளிச்சென எரிந்தால், பேட்டரிதானே என்று ஓட்டாதே. கியரைக் குறைத்து, இன்ஜினை அணைக்காமல் ஓரம் கட்டு. டைனமோவை ரிப்பேருக்குக் கழற்றிவிட்டு, "பேட்டரியில் ஓட்டிக்கிட்டுப் போங்க" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. கழற்றினால் வண்டி அங்கேயே நிற்கட்டும், பாரத்தை வேறு வண்டியில் அனுப்பு.

அந்தப் பம்பின் சீல் தேய்ந்தால் இன்ஜின் ஆயில் டைனமோவுக்குள் கசிந்து, பிரஷ்ஷும் அது உரசுகிற செம்பு வளையமும் நனைந்து சார்ஜ் நின்றுபோகும். டார்ச் அடித்துப் பின்பக்கத்தைப் பார். கறுப்பாக ஈரம் இருந்தால் பிரஷ் மட்டும் மாற்றுவது காசுக்குக் கேடு, சீலையும் ஆயில் திரும்புகிற பைப் அடைப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்.

பெல்ட்டை கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவு அமுங்க வேண்டும். பக்கவாட்டில் கண்ணாடி மாதிரி பளபளத்தால் மாற்று. புது பெல்ட் மாட்டிய சில நாளில் தளரும், மறுபடி இறுக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. ஓடுகிற வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, இன்ஜின் நிற்கிறதா என்று பார்க்கிற எலக்ட்ரீஷியனிடம் வண்டியை விடாதே. அந்த நொடியில் வோல்ட் எகிறி டயோடையும் கட்டவுட்டையும் கொன்றுவிடும். மேலும் உன்னுடையது மெக்கானிக்கல் பம்ப் டீசல், கரண்ட் இல்லாமலும் ஓடும், அது நிற்காததை வைத்து எதையும் சொல்ல முடியாது. பாடியில் வெல்டிங் வைக்கும்போதும் பேட்டரி வயரையும் டைனமோ வயரையும் கழற்றிய பிறகுதான்.

நின்ற வண்டியில் வோல்ட், லைட் போட்டு ஓடும்போது வோல்ட், ஏசி அளவு, பிளஸ் பக்க இழப்பு, எர்த் இழப்பு, இரவுக் கரண்ட். இந்த ஆறு எண்ணையும் ஒரு தாளில் எழுதி, டைனமோ பின்பக்கம் ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. பார்த்துவிட்டு எந்தப் பார்ட் வாங்க வேண்டும் என்று சொல்கிறேன், ஈரோட்டில் நல்ல டயோட் பிளேட் கிடைக்கும், நானே வாங்கிப் பார்சலில் போடுகிறேன். அதுவரை மலை இறங்குகிற லோடு மாப்பிள்ளையின் அண்ணன் வண்டியில் போகட்டும்.

அன்புடன்,
அப்பா