ஷா முதல் செக் வரை

கும்பகோணம்

அன்புள்ள சங்கரா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. தங்கச்சிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் இங்கே எங்களுக்கு நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். நீ வாத்தியார் மிடுக்கை அவளிடம் காட்டாமல் பக்கத்தில் இருந்து விட்டுவிடு. எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறி இறங்குகிறது, மற்றபடி குறையில்லை. காவிரியில் தண்ணீர் போகிறது. அடைமழை இன்னும் பிடிக்கவில்லை. நட்டவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

உன் பேத்தி கேட்டதற்கு வருகிறேன். சதுரங்கத்தில் ராஜாவை மிரட்டினால் செக், வங்கியில் நீட்டுவதும் செக், தாத்தா போட்டிருக்கும் கட்டம் போட்ட சட்டையும் செக், பஸ்ஸில் ஏறி டிக்கெட் கேட்பவர் செக்கர். இதெல்லாம் ஒரே சொல்லா என்று கேட்டிருக்கிறாள். நீ, "ஆங்கிலத்தில் அப்படித்தான், ஒரே ஒலியில் நாலு சொல் இருக்கும், போய்ப் படி" என்று அனுப்பிவிட்டாயாம். கணக்கு வாத்தியார்களிடம் மொழியைக் கேட்டால் இப்படித்தான். குழந்தையைக் கூப்பிட்டுச் சொல்: நாலும் ஒன்றுதான். நாலுக்கும் வேர் ஒரு ராஜா.

சதுரங்கம் இங்கிருந்து போனது என்பது உனக்குத் தெரியும். சதுரமான பலகையில் ஆடுவதால் சதுரங்கம் என்று பாதிப்பேர் நினைக்கிறார்கள். அது சதுர், அங்கம்: தேர், யானை, குதிரை, காலாள் என்ற நால்வகைப் படை. ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டில் பாரசீகத்துக்குப் போய் அங்கே சத்ரங் ஆயிற்று. அரபியர் வாயில் ஷத்ரஞ்ச் ஆயிற்று. பாரசீகத்தில் ராஜா ஷா ஆனார். எதிராளியின் அரசனைத் தாக்கும்போது "ஷா!" என்று குரல் கொடுத்து எச்சரிப்பது வழக்கம். "உன் அரசனைப் பார்த்துக்கொள்" என்பதுதான் அதன் பொருள். ஆட்டம் முடிந்தால் "ஷா மாத்". அரசன் திகைத்து வழியற்று நிற்கிறான் என்பது அது. அரபியில் மாத்த என்றால் இறந்தான் என்று பொருள் இருப்பதால், "அரசன் செத்தான்" என்று பலர் விளக்கம் சொல்வார்கள். எனக்குப் பாரசீகப் பொருள்தான் பிடிக்கிறது. சதுரங்கத்தில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லையே! நகர இடமில்லாமல் நிற்க வைப்பதோடு சரி.

இந்த ஷாதான் லத்தீன்காரர்களிடம் ஸ்காக்கஸ் ஆகி, பழைய பிரெஞ்சில் எஸ்செக் ஆகி, இங்கிலாந்துக்குப் போனபோது முன்னால் இருந்த எஸ் தேய்ந்து செக் ஆனது. பன்மையான எஸ்செஸ் தேய்ந்து செஸ் ஆனது. அதாவது செஸ் என்றால் வேறொன்றுமில்லை, ராஜாக்கள். செக் ஒருமை, செஸ் பன்மை. உன் பேத்தி இதைக் கேட்டுச் சிரிப்பாள் என்று நினைக்கிறேன்.

இனிமேல்தான் விஷயம் சுவையாகிறது. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசனின் வரிக்கணக்கைத் தீர்க்க ஒரு பெரிய மேசை இருந்தது. பத்தடி நீளம், ஐந்தடி அகலம், காசு உருண்டு கீழே விழாதபடி சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. அதன்மேல் கோடுகள் போட்ட கறுப்புத் துணி விரிப்பார்கள். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு மதிப்பு: பென்ஸ், ஷில்லிங், பவுண்டு, இருபது பவுண்டு, நூறு, ஆயிரம் என்று. அந்தந்த மாவட்டத்தில் அரசனுக்காக வரி வசூலித்த அதிகாரியான ஷெரிஃப் ஈஸ்டரை ஒட்டி ஒருமுறை, செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல்மஸ் திருநாளை ஒட்டி ஒருமுறை வந்து உட்காருவார். அவர் தர வேண்டியதை மேலே வில்லைகளால் அடுக்குவார்கள், தந்ததைக் கீழே அடுக்குவார்கள், கழித்துப் பார்ப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஷெரிஃபுக்கும் கண்ணுக்கு நேராகக் கணக்கு தெரியும். அங்கே அப்போது எழுதியதெல்லாம் ரோமன் எண். சுழியம் இல்லை. ரோமன் எண்ணில் கூட்டிக் கழித்துப் பார்த்தவனுக்குத்தான் அந்தத் துணியின் அருமை புரியும்.

சதுரங்கப் பலகைபோல் இருந்ததால் அந்த மேசைக்கு லத்தீனில் ஸ்காக்காரியம் என்று பெயர் வைத்தார்கள். அதிலிருந்துதான் அரசனின் வரிக்கணக்கு அலுவலகத்துக்கு எக்ஸ்செக்கர் என்ற பெயர் வந்தது. இன்றைக்கும் பிரிட்டனின் நிதியமைச்சருக்கு சான்செலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர் என்றுதான் பட்டம். சதுரங்கப் பலகை அமைச்சர்! அரசனின் பொருளாளராக இருந்த ரிச்சர்டு ஃபிட்ஸ்நைஜல் 1170களின் கடைசியில் இந்த அலுவலகத்தைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதத் தொடங்கினார். குரு, சீடன் உரையாடல் வடிவம். ஏன் இந்தப் பெயர் என்று சீடன் கேட்கிறான். பலகையின் தோற்றத்தைச் சொல்லிவிட்டு குரு இன்னொரு காரணமும் சொல்கிறார்: சதுரங்கத்தில் இரு அரசர்களுக்கு இடையே போர் நடப்பதுபோல இங்கே பொருளாளருக்கும் ஷெரிஃபுக்கும் இடையே நடக்கிறது, மற்றவர்கள் நடுவர்களாக உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்று. தணிக்கைக்கு உட்கார்ந்த எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆண்டுத் தணிக்கை வந்தால் நான் வேலை பார்த்த வங்கியில் எங்கள் கிளை மேலாளர் முகம் எப்படி இருக்கும் என்று உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன்.

அதே அலுவலகத்தில் ரசீதுக்குக் காகிதம் இல்லை, குச்சி. பெரும்பாலும் ஹேசல் மரம். தொகைக்குத் தக்கபடி வெட்டுவார்கள்: ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலம், நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு ஒரு வாற்கோதுமை மணி அளவு. பிறகு குச்சியை நீளவாக்கில் பிளந்து ஆளுக்கு ஒரு பாதி. மறுபடி சேர்த்து வைத்தால் வெட்டும் வெட்டும் பொருந்த வேண்டும். ஒருவர் கள்ளத்தனமாக ஒரு வெட்டைக் கூட்டினால் மற்றதில் அது இருக்காது. அந்தக் குச்சிக்குப் பெயர் டேலி. வங்கியில் நாங்கள் "கணக்கு டேலி ஆகவில்லை" என்று சொல்லிக்கொண்டு இரவு எட்டு மணிவரை பேரேட்டைப் புரட்டினோமே, அந்த டேலிதான். இன்று மளிகைக்கடை வரை அந்தப் பெயரில் கணினி மென்பொருள் ஓடுகிறது. பணம் கொடுத்தவர் வைத்துக்கொண்ட நீளமான பாதிக்கு ஸ்டாக் என்று பெயர். பங்குச் சந்தைக்காரர்களின் ஸ்டாக்கை அதோடு சேர்த்துச் சொல்வார்கள்.

இந்தக் குச்சிகளின் முடிவு பரிதாபம். 1826இல் வழக்கொழிந்தன. வண்டி வண்டியாகக் குவிந்து கிடந்ததை 1834 அக்டோபர் 16ஆம் தேதி பிரபுக்கள் சபையின் அடியில் இருந்த அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். புகைபோக்கி சூடேறித் தீப்பற்றி, நாடாளுமன்றக் கட்டடத்தின் பெரும்பகுதி அன்றிரவே எரிந்து போனது. ஏழைகளுக்கு விறகாகக் கொடுத்திருந்தால் யாருக்காவது உலை கொதித்திருக்கும். பழைய கோப்பைக் கழிக்கும் வேலையை அவசரத்தில் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் கிடையாது.

இப்போது காசோலை. சதுரங்கத்தில் செக் என்றால் ராஜா அதற்கு மேல் தன் இஷ்டப்படி ஆட முடியாது. அதனால் செக் என்பதற்குத் தடை, நிறுத்தம் என்ற பொருள் வந்தது. வல்லூறு வளர்ப்பவர்கள்கூட, ஏவிய இரையை விட்டுவிட்டுப் பறவை வேறொன்றின் பின்னால் போனால் அதைச் செக் என்றார்கள். தடையிலிருந்து கட்டுப்பாடு, கட்டுப்பாட்டிலிருந்து சரிபார்த்தல். இந்தக் கடைசிப் பொருள் 17ஆம் நூற்றாண்டில்தான் ஊன்றுகிறது. இங்கிலாந்தில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய காசோலைகளுள் ஒன்று 1659இல் 400 பவுண்டுக்கு எழுதப்பட்டது. ஆனால் அந்தத் தாளுக்கு அப்போது செக் என்று பெயர் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் என்றால் தாள் அல்ல, தாளைக் கிழித்த பிறகு புத்தகத்தில் தங்கும் அடிக்கட்டை! மோசடி நடக்காமல் ஒத்துப் பார்க்க உதவியதால் அந்தப் பெயர். பிறகுதான் பெயர் அடிக்கட்டையிலிருந்து கிழிபட்ட தாளுக்குத் தாவியது. நாம் அதை அடிக்கட்டை என்று மரத்தின் பெயரால் சொல்வதைப் பார், ஹேசல் குச்சிக்காரர்கள் கேட்டால் மகிழ்ந்திருப்பார்கள்.

காசோலைக்கான செக்கை ஆங்கிலத்தில் எழுதும்போது க்யூ எப்படி நுழைந்தது என்று உன் பேத்தி அடுத்துக் கேட்பாள். எக்ஸ்செக்கரின் சாயலில் பிரிட்டிஷார் க்யூ போட்டு எழுதத் தொடங்கினார்கள். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் வழியாக அதுவே நம் வங்கிகளிலும் நிலைத்தது. அமெரிக்கர்கள் பழையபடியே எழுதுகிறார்கள். அங்கே சாப்பிட்டு முடித்ததும் பரிமாறுபவர் கொண்டு வைக்கும் பில்லும் செக்தான். அரபு வணிகர்கள் சக் என்ற பணமுறி வைத்திருந்தார்கள், அதிலிருந்துதான் செக் வந்தது என்று ஒரு கட்சி உண்டு. சக் இருந்தது உண்மை. ஆனால் ஆங்கிலச் சொல் சதுரங்கப் பலகை வழியே படிப்படியாக நடந்து வந்த தடம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது அந்தக் குறுக்கு வழி எதற்கு என்பது என் கட்சி.

எங்கள் கிளையில் ஒரு செக் பட்ட பாட்டை நினைத்துப் பார். கவுண்டரில் நீட்டினால் பித்தளை டோக்கன் கிடைக்கும். பேரேட்டு எழுத்தர் தடித்த புத்தகத்தைத் திறந்து இருப்பைப் பார்த்துப் பற்று எழுதுவார். அதிகாரி மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்து, கொம்பும் சுழியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார். எழுத்தால் ஒரு தொகை, எண்ணால் ஒரு தொகை என்றிருந்தால் திரும்பிவிடும். மாலையில் இன்னொருவர் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்து வரிக்கு வரி டிக் அடிப்பார். செக்கைச் செக் செய்வதுதான் சம்பளம் வாங்கிய வேலை. அந்த இரண்டு சொல்லும் ஒன்று என்று பணியில் இருந்த காலத்தில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. நாம் காசோலை என்றும் சரிபார்ப்பு என்றும் தனித்தனியாகப் பிரித்து எழுதியதும் ஒரு காரணமாக இருக்கலாம். இன்று தாள் ஊர் விட்டு ஊர் போவதே இல்லை, படம்தான் போகிறது.

சட்டைக் கட்டத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன். சதுரங்கப் பலகை போன்ற நெசவு என்பதால் அது செக். நம் மெட்ராஸ் கட்டத் துணி மேற்கு ஆப்பிரிக்கா வரை போயிருக்கிறது. நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அதை இஞ்ஜிரி என்கிறார்கள். அங்கே பெண்கள் பிளேடால் சில இழைகளை மட்டும் அறுத்து உருவி, கட்டத்துக்குள்ளேயே புதிய கோலம் எடுக்கிறார்கள். நெய்தவர் ஒரு கட்டம் போட, உடுத்துபவர் இன்னொன்றைக் கண்டெடுக்கிறார். நம் பத்திரிகைக்காரர்கள் மட்டும் சொல்லின் பழைய பொருளை விடவே இல்லை. தேர்தல் வந்தால் "கூட்டணிக்குச் செக் வைத்தார்" என்று ஒரு தலைப்பாவது வந்துவிடுகிறது. பாரசீக ஷா இன்னும் மிரட்டப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

உன் பேத்திக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன், நீ சொல்லிக்கொடுக்காதே. ஒரு தாளில் மூன்று பத்தி போடட்டும்: பவுண்டு, ஷில்லிங், பென்ஸ். புளியங்கொட்டைகளை வில்லைகளாக வைத்து, 17 ஷில்லிங் 9 பென்ஸோடு 5 ஷில்லிங் 8 பென்ஸைக் கூட்டட்டும். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. பென்ஸ் பத்தியில் பன்னிரண்டு கொட்டை சேர்ந்ததும் எடுத்துவிட்டு அடுத்த பத்தியில் ஒன்று வைக்க வேண்டும். 1 பவுண்டு 3 ஷில்லிங் 5 பென்ஸ் வந்தால் சரி. நம் அப்பாக்கள் அணா, பைசா கணக்கை மனத்திலேயே போட்டவர்கள். அவளுக்குக் கொட்டையாவது இருக்கிறது.

மாசி மகத்துக்குத் தங்கச்சியோடு வருவதாக எழுதியிருந்தாய். கண் மருத்துவர் பயணத்துக்குச் சரி சொன்ன பிறகு டிக்கெட் எடு. அந்தச் சமயத்தில் இங்கே தங்கும் அறைகள் கிடைக்காது. அதைப் பற்றிக் கவலைப்படாதே, மாடி அறையை ஒழித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். வரும்போது அந்தப் பழைய விடுதிப் புகைப்படத்தை மறக்காமல் எடுத்து வா. என்னிடம் இருந்த பிரதியில் கடைசி வரிசை முழுக்கப் பூஞ்சை.

அன்புடன்,
ராமு