ஸ்டிக்கரில் திகதியையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எஞ்சின் ஒயில் மாற்றியதும் வாகனத்தின் முன்கண்ணாடி மூலையில், அடுத்த முறை எத்தனையாவது கிலோமீற்றரில் வரவேண்டும் என்று எழுதி ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். நெடுந்தூரம் ஓடும் வாகனங்களுக்கு அந்த எண் போதும். மலையகத்தில் அதை மட்டும் நம்பியிருப்பது எஞ்சினுக்கு நல்லதல்ல என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன்.

நோர்வூட் பகுதியில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் பெற்றோல் வான் ஒன்றை ஓட்டுகிறேன். காலையும் பிற்பகலும் சேர்த்து 12 கிலோமீற்றர்தான் ஓட்டம். வருடத்தில் 200 நாட்கள் என்று வைத்துக்கொண்டாலும் 2,400 கிலோமீற்றர். ஸ்டிக்கர் கணக்கிடும் 5,000 கிலோமீற்றர் இடைவெளியை எட்ட இரண்டு வருடங்கள் பிடிக்கும். ஆனால், தோட்டக் குடியிருப்புகளான லயங்களில் ஒவ்வொன்றாக நிறுத்தி, தலைவாரி முடியாத பிள்ளைக்காக எஞ்சினை அணைக்காமல் காத்திருந்து, முதலாம் இரண்டாம் கியர்களிலேயே ஏறி இறங்கும் ஓட்டம் அது. மீற்றர் நகராத நேரத்திலும் எஞ்சின் உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

சென்ற மழைக்காலத்தில் ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தபோது, அதன் உட்புறத்தில் தயிர் போல வெள்ளைப் பசை படிந்திருந்தது. எஞ்சினுக்குள் தண்ணீரும் ஒயிலும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று பயந்து கராஜ் பாஸிடம் கொண்டுபோனேன். அவர் ஒயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தார். அதில் வெள்ளை இல்லை, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்திருக்கவில்லை. குளிரில் எஞ்சினுக்குள் வியர்க்கும் ஈரம்தான் அது என்றார். வெப்பமானி முள் நடுவுக்கு வந்துவிட்டால் எஞ்சின் சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம். தண்ணீர் சூடான பிறகும் ஒயில் சூடாவதற்கு நேரம் எடுக்கும். அதற்குள் ஓட்டம் முடிந்துவிட்டால், அந்த ஈரமும் எரியாமல் வழியும் பெற்றோலும் ஆவியாகிப் போக வழியின்றி ஒயிலுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. அன்று வடித்த ஒயிலில் பெற்றோல் மணத்தது. முந்தைய மாற்றம் நடந்து பதினொரு மாதங்கள் ஆகியிருந்தன; பாஸிடம் போவதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் ஒரு சேர்விஸ் நிலையத்தில், இன்னும் மூவாயிரம் ஓடலாம் என்று சொல்லி என்னைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

இத்தகைய குறுகிய ஓட்டத்தையும் மலைப்பாதை ஓட்டத்தையும் கடுமையான பாவனை என்று வகுத்து, ஒயிலை முன்கூட்டியே மாற்றும்படி பல வாகனங்களின் கைநூல்களே கூறுகின்றன. அது ஜப்பானிய மொழியில் டாஷ்போர்ட் பெட்டிக்குள் கிடந்தால் நாம் எங்கே வாசிப்பது? இப்போது நான் ஆறு மாதம் அல்லது 5,000 கிலோமீற்றர், இரண்டில் எது முந்துகிறதோ அதன்படி மாற்றுகிறேன். நிறத்தை வைத்து முடிவு செய்வதில்லை. டீசல் எஞ்சினில் புது ஒயில் சில நாட்களிலேயே கறுத்துவிடும்.

மலைக்குத் தடித்த ஒயில்தான் நல்லது என்று சொல்லி, 0டபிள்யூ-20 என்ற மெல்லிய தர ஒயிலைக் கேட்கும் சிறிய ஜப்பானியக் கார்களுக்கும் 20டபிள்யூ-50 என்ற தடித்த ஒயிலை ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். முதல் எண் குளிரில் ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதைக் காட்டுவது. அது குறையக் குறைய, தை மாத விடியற்காலையில் வாகனத்தை ஸ்டார்ட் செய்யும்போது ஒயில் எஞ்சினின் மேற்பகுதிக்கு விரைவாக ஏறும்.

மாற்றும்போது எஞ்சின் இளஞ்சூடாக இருக்க வேண்டும், கொதிக்கக்கூடாது; பில்டரும் வடிகால் போல்ட்டின் வோஷரும் புதிதாக இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பார்ப்பதும் அவசியம், அதுவும் சமதளத்தில் நிறுத்தி. சரிவில் நிறுத்திப் பார்த்தால் அளவு பொய் சொல்லும். எங்கள் தோட்டத்தில் அப்படியான சமதளம் கோவில் முற்றம் ஒன்றுதான் என்பதால், வெள்ளிக்கிழமைகளில் சாமி கும்பிடப் போகும்போது அதையும் பார்த்துவிடுகிறேன்.

சேர்விஸ் நிலையங்களை நடத்துவோரிடம் உங்கள் பத்திரிகை வாயிலாக நான் கேட்பது சிறிய விடயம். அந்த ஸ்டிக்கரில் கிலோமீற்றருடன், ஒயில் மாற்றிய திகதியையும் ஊற்றிய ஒயிலின் தரத்தையும் எழுதி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
பாடசாலை வான் சாரதி ஒருவர்,
நோர்வூட்.